செவுளில் விரல்

மீன் வாங்க வருகிறவர்கள் கெங்கம்மாவிடம் முதலில் பார்க்கக் கேட்பது செவுளைத்தான். கேட்கும்வரை அவளும் காத்திருப்பதில்லை. சங்கராவோ வஞ்சிரமோ, கையில் எடுக்கும்போதே சுட்டுவிரல் செவுளுக்குள் போய்விடும். மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் சிவப்பைக் காட்டி, "பாத்துக்கோ, இப்பத்தான் செத்த மாதிரி கீது" என்பாள்.

வீடு ஊரூர் குப்பத்தில். கடை, அடையாறு காந்தி நகரில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். கடை என்றால் ஐஸ் பெட்டி, அருவாமனை, ஒரு நீலத் தார்ப்பாய், அவ்வளவுதான். புருஷன் போன பிறகு, மகன் கடல் வேண்டாமென்று கார் ஓட்டப் போய்விட்டதால், விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலம் எடுப்பதும் அவள்தான். முப்பது வருடத்தில் எதற்கெல்லாமோ திட்டு வாங்கியிருக்கிறாள். எடைக்கு, விலைக்கு, தெருவில் சிந்திய செதிலுக்கு, நாற்றத்துக்கு. மீன் செத்ததற்கு மட்டும் யாரும் அவளைத் திட்டியதில்லை.

அந்தத் திட்டும் எதிர்வீட்டிலிருந்து வந்தது.

எதிர்வீட்டில் ஜெயலக்ஷ்மி மாமி தனியாக இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் மீன் வாங்குவதில்லை, வளர்ப்பார்கள். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லை ஒட்டிச் சிமென்டில் குளம் கட்டி, கோய் என்கிற ஜப்பான் வண்ண மீன்கள் விட்டிருந்தார். அதில் மூத்தது உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் வட்டமாகச் சிவப்பு. அதற்குக் குங்குமம் என்று பெயர்.

ஒரு நாள் காலை மாமி தெருவைத் தாண்டி, முந்தானையை மூக்கில் வைத்தபடி தார்ப்பாய்க்கு நாலடி தள்ளி வந்து நின்றார்.

"கெங்கம்மா, எங்காத்துல ஒரு மீனைப் பிடிச்சுண்டு நிக்கணும். டாக்டர் வந்திருக்கா. வாட்ச்மேன் ரெண்டு தடவை நழுவ விட்டுட்டான்."

"மீனுக்கு டாக்டரா? எங்கிட்ட வர்றதுக்கெல்லாம் போஸ்ட்மார்ட்டம்தான் மாமி."

மாமி சிரிக்கவில்லை. "அது சாப்பிட்டே நாலு நாளாச்சு" என்றார்.

கெங்கம்மா தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு எழுந்தாள்.

குளத்தங்கரையில் மஹ்விஷ் மண்டியிட்டிருந்தாள். மீன்வளம் படித்துவிட்டு, ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் வளர்ப்பு மீன்களுக்கு வைத்தியம் செய்கிறவள். குங்குமம் மற்ற மீன்களோடு சேராமல் மூலையில் நின்றது. அவ்வப்போது கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. விலாவில் செதில் உதிர்ந்து, காசளவுக்குப் புண்.

"தோல்ல இருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்க்கணும்க்கா. ஆடாம பிடிச்சா போதும்."

கெங்கம்மா இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டாள். மீன் எதிர்ப்பே இல்லாமல் மேலே வந்தது. வந்த வேகத்தில் லேசாக வழுக்கியது. அவ்வளவுதான், சுட்டுவிரல் பழகிய இடத்துக்குப் போய்விட்டது.

"செவுள்ல கை வைக்காதீங்க!"

மஹ்விஷ் கத்தியதும் அவள் விரலை உருவினாள். தண்ணீரில் நூல் மாதிரி ரத்தம் பிரிந்தது.

"கொன்னுட்டியேடி!" என்றார் மாமி.

எந்தத் திட்டுக்கும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் கெங்கம்மா. அன்று பிடியை மட்டும் மாற்றினாள். மீனின் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மஹ்விஷ் சுரண்டி முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.

சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, துவைக்கிற கல்மேல் மைக்ரோஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள் மஹ்விஷ். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் நெளிந்தன. அரிப்பு தாங்காமல்தான் கல்லில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது.

"புதுசா மீன் ஏதாவது விட்டீங்களா ஆன்ட்டி?"

மாமியின் குரல் இறங்கியது. "போன மாசம் நாலு குட்டி. வாங்கிண்டு வந்த அன்னிக்கே விட்டுட்டேன்."

"கொஞ்ச நாள் தனியா வெச்சிருந்துட்டு விடணும் ஆன்ட்டி. பூச்சி அதுங்களோட வந்திருக்கு." குளம் முழுவதற்கும் மருந்து ஊற்ற வேண்டும், குங்குமத்தைத் தனித் தொட்டியில் உப்புத் தண்ணீரில் விட வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணைத் துடைத்து மருந்து வைக்க வேண்டும் என்றாள்.

"பொழைக்குமா?" கேட்டது கெங்கம்மா.

"புண் ஆறிடும்க்கா. செவுள்தான் பயம். மீனுக்கு மூச்சே அதுலதான். பிடிக்கறதுக்கு வேற ஆள் பார்க்கலாம்."

"வேற ஆளு இன்னாத்துக்கு? நான்தான் புடிப்பேன். என் கையால பூடுச்சுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது."

மஹ்விஷ் ஒரு நிபந்தனை போட்டாள். கடை மீனைத் தொட்ட கையோடு தொட்டிப் பக்கம் வரக் கூடாது, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அடுத்த முறையிலிருந்து மாமி பின்வாசலில் பக்கெட்டோடு நின்றார்.

"இன்னா மாமி, உங்க ஊட்டு மடி இப்ப மீனுக்கும் வந்துச்சா?"

"எனக்கும் அதே சட்டம்தான். என்னையும் கிட்ட விடமாட்டேங்கறாளே." மாமி சொம்பில் தண்ணீர் மொண்டு அவள் கையில் ஊற்றினார். "அன்னிக்கு வாய்ல வந்துடுத்து கெங்கம்மா. வியாதியைக் கொண்டுவந்து விட்டதே நான்."

"வுடு மாமி. ரெண்டு பேருமே கொலகாரிங்கதான். அது பொழச்சா தப்பிச்சோம்."

கை கழுவியதும் கெங்கம்மா இடுப்பிலிருந்து ஒரு துணிக் கிழிசலை எடுத்தாள். துவைத்துக் காய வைத்தது. அதையும் மருந்துத் தண்ணீரில் முக்கி, சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"என்னக்கா இது?" என்றாள் மஹ்விஷ்.

"இந்த வெரல நம்ப முடியாது டாக்டரம்மா. அதுக்குத் தனிப் புத்தி."

ஈரத்துண்டால் மீனின் கண்ணை மூடி, ஒரு கையை வயிற்றடியிலும் மறு கையை வாலுக்கு முன்னாலும் கொடுத்துத் தாங்க வேண்டும். மஹ்விஷ் அயோடினால் துடைக்கும்போதும் குங்குமம் அசையாது. நனைந்த துணி மாதிரிக் கிடக்கும். மஹ்விஷுக்கு வேலை சுலபம்தான், ஆனால் அவள் முகம் தெளியவில்லை.

"இன்னா இது, என் ஐஸ் பெட்டில கெடக்கறது மாதிரி கீது?"

"அதான்க்கா. நல்ல மீன் இப்படிப் பிடிக்கக் கொடுக்காது."

அன்று கடைக்குத் திரும்பியவள் விரல் கட்டை அவிழ்க்க மறந்துவிட்டாள். வாடிக்கையாகச் சங்கரா வாங்கும் லாவண்யா செவுளைக் காட்டச் சொன்னாள். கெங்கம்மா இடது கையால் திறந்து காட்டினாள்.

"கையில அடியா?"

"கையில இல்ல" என்று எடை போட்டாள்.

அடுத்த வாரமும் அப்படியே போனது. மாமி தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு மீனின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெங்கம்மா வியாபாரத்துக்கு நடுவில் எழுந்து சாலைக்கு வந்து, "மாமீ, செவுளு திறக்குதா?" என்று கேட்டைப் பார்த்துக் கத்துவாள். "திறக்கறது, திறக்கறது" என்று உள்ளிருந்து பதில் வரும்.

பிறகு ஒரு காலை, வழக்கம்போல விரலைக் கட்டிக்கொண்டு அவள் தொட்டிக்குள் கை விட்டாள். மீன் அங்கே இல்லை. எதிர்ப்பக்கம் போயிருந்தது. அந்தப் பக்கம் போனாள், வாலை ஒரு வீசு வீசியது. கெங்கம்மாவின் ரவிக்கை நனைந்தது, மாமியின் மூக்குக் கண்ணாடியிலும் தண்ணீர். மூன்றாம் முறை துண்டோடு நழுவிவிட்டது.

"விட்டுடுங்கக்கா" என்று சிரித்தாள் மஹ்விஷ். "மேல இருந்தே பார்த்துக்கறேன்."

புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகக் கூடியிருந்தது. செவுள் மூடிகள் இரண்டும் ஒரே சீராகத் திறந்து மூடின. மஹ்விஷ் குளத்துத் தண்ணீரையும் சோதித்துவிட்டு, இன்னும் சில நாள் பொறுத்து மீனைக் குளத்திலேயே விடச் சொன்னாள். விலாவில் தழும்பு மட்டும் நின்றது.

இப்போது சாயங்காலங்களில் கடையைக் கட்டியதும் கெங்கம்மா பின்வாசல் வழியாக ஒரு நடை வந்துவிட்டுப் போகிறாள். மாமி கையில் தீனியோடு உட்கார்ந்திருப்பார், குங்குமம் அவர் விரல் நுனிவரை வந்து வாயைத் திறக்கும். கெங்கம்மாவின் நிழல் தண்ணீரில் விழுந்ததும் சட்டென்று அடியில் போய்விடும்.

"உன்னைக் கண்டா மட்டும் ஓடறது. மனசுல வெச்சுக்காதே" என்றார் மாமி.

கெங்கம்மா குனிந்து பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஏதோ வேகமாகத் திரும்பிப் போனது.

"ஓடட்டும் மாமி. என்னப் பாத்து ஓடற மீனு இப்பத்தான் ஒண்ணு பாக்கறேன்."