நெடுந்தீவு இரத்தம் கடல் கடந்த கதை

இந்தப் பங்குனியில் நான் நெடுந்தீவுக்குப் போனது அங்கு திரியும் காட்டுக் குதிரைகளைப் பார்க்க அல்ல, இரத்தம் எடுக்க. வெயில், நோய், கவலை என்று உடம்பு அடிபடும்போது உயிரணுக்கள் சில காவல் புரதங்களை உண்டாக்கும். அவற்றில் கொஞ்சம் இரத்தத்திலும் ஓடும். அந்த அளவுக்கும் மாரடைப்புக்கும் என்ன உறவு என்பதுதான் எங்கள் ஆய்வு. கூடினால் கேடா காப்பா என்று கேட்காதீர்கள், பெரிய ஆட்களே இன்னும் தங்களுக்குள் பிடுங்குப்படுகிறார்கள்.

தையில் ஒருமுறை போய் மூக்குடைபட்டு வந்தேன். படகு போட்ட ஆட்டத்தில் குழாய்களுக்குள் செவ்வணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த புரதமும் கலந்துவிட்டது. அதை அளந்தால் பொய்க்கணக்குத்தான் வரும். இன்னொருமுறை பழுதானால் தீவை ஆய்விலிருந்து விட்டுவிடுவோம் என்றார் ஆய்வை நடத்தும் பேராசிரியர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரத்தத்தைச் சுழற்றி, செவ்வணுக்கள் நீங்கிய மஞ்சள் தெளிவைப் பிரிக்கும் இயந்திரத்தையே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம்.

தீவின் சனசமூக நிலையத்தில் இரத்தம் கொடுக்க முதலாவதாக வந்தவர் பரமேஸ்வரி அக்கா. எங்கே குத்தியும் நரம்பு அகப்படவில்லை.

“தண்ணி குடிச்சனீங்களோ அக்கா?”

“வெறும் வயித்தோட வரச் சொன்னனீர். விரதமெண்டா எச்சிலும் விழுங்கப்படாதெல்லோ.”

வாங்குப் பலகையில் வரிசையாக இருந்த அத்தனை பேரும் அப்படித்தான். அதோடு வெயிலில் சைக்கிள் மிதித்து வேறு வந்திருந்தார்கள். அந்தச் சூடே புரதத்தைக் கூட்டிவிடும். எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் நிழலில் இருத்தினேன்.

“கடைசிப் படகு போயிடுமே பிள்ளை,” என்றார் அக்கா. “படகு வருமட்டும் பாத்திருந்துதான் என்ர மனுசன்ர நெஞ்சு நிண்டது. தையில எடுத்தது பழுதாப்போச்செண்டனீர், இந்த முறையும் எங்களை விட்டிட்டுப் போகாதையும்.”

“விடமாட்டன் அக்கா,” என்றேன்.

எடுத்தேன், உறையவிட்டேன், அங்கேயே சுழற்றினேன். தெளிவை மட்டும் ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஓட்டமும் நடையுமாகக் கடைசிப் படகைப் பிடித்தேன். அது அன்றைக்கும் ஆடத்தான் செய்தது. ஆடட்டும், உடைய அதில் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணம் வந்து பெட்டியைத் திறந்தால் எல்லாக் குழாயும் பளிச்சென்ற இளமஞ்சள். பேராசிரியர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி என்றார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

இப்படிப் போகிறவர்களுக்கு என் புத்தி இதுதான்: தென்மேற்கிலிருந்து அடித்துக் கடலைக் கலக்கும் சோளகக் காற்று தொடங்க முதல் போங்கள், படகு ஏற முதல் பிரித்துவிடுங்கள், சாப்பிட வேண்டாம் என்றால் தண்ணீர் குடிக்கலாம் என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அக்காவுக்குப் போன் எடுத்து, நெடுந்தீவு ஆய்வில் இருக்கிறது என்றேன்.

“ஓம் பிள்ளை,” என்றார். “அப்ப இனி எங்கட நெஞ்சும் கணக்கில இருக்கு.”