ரொனால்டண்ணனின் ஆபீஸ் சிநேகிதர்கள்

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்பு வரும். பாதிப்பேர் அதற்குள் செருப்பைத் தேடி வெளியே போயிருப்பார்கள். ரொனால்டண்ணனுக்கு இரண்டாவது ஓலை வாசித்த அன்று, போனவர்களும் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

2014 ஆகஸ்ட் மாதம். "அமெரிக்க இராணுவத்தில் பணிபுரிபவரும், கிறிஸ்துராஜ், வியாகுலம்மாள் தம்பதியரின் மகனுமான ரொனால்டு" என்று சாமியார் வாசித்தார். முந்தின ஞாயிறு "அமெரிக்காவில் பணிபுரியும்" என்று மட்டும்தான் இருந்தது. இடையில் மாப்பிள்ளையின் பங்குக் கோயிலிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை, தடை ஒன்றும் இல்லை என்று அந்த ஊர்ப் பங்குத்தந்தை எழுதித் தருகிற வழக்கமான கடிதம்தான். ஆனால் அண்ணனின் பங்கு ஒரு படைமுகாம். கையெழுத்துப் போட்டவர் இராணுவச் சாமியார். ஒன்றரை வருடமாகப் பெற்றவர்களிடம்கூட மறைத்ததை, ஞாயிறு பூசை தவறாத பிள்ளை என்பதால், அண்ணனே கேட்டு வாங்கி அனுப்பி வைத்திருந்தார். அது பீடத்திலிருந்து வாசிக்கப்படும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ரொனால்டண்ணன் என் பெரியம்மா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கணக்குக்கு விடை வந்த பிறகும் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிற ஆள். 2009இல் எம்.எஸ். படிக்க டெக்சாஸ் போனார். டல்லாஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் ஐரினைப் பேசி முடித்தோம். ஐரின் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நிச்சயமாகி ஆறு மாதமாகத் தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோயில் வாசலில் ஆர்மோனியக்காரர் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "ஏப்பா மிக்கேலு, ஒங்கண்ணன் தாலி கட்டுவாரா, சல்யூட் அடிப்பாரா?"

என் பெரியப்பா கிறிஸ்துராஜ் பாட்டுப் புத்தகத்தை மூட மறந்து, விரித்தபடியே கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தார். பெரியம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். "கோழி அறுக்கறதப் பாக்கமாட்டான்டா அவன். அவனப் போயி யாருடா சேத்துக்கிட்டா?"

வியாழக்கிழமை அண்ணன் மதுரையில் வந்து இறங்கினார். கார் சமயநல்லூரைத் தாண்டியது. முன்சீட்டிலிருந்து பெரியப்பா திரும்பாமலே கேட்டார்.

"யாரையும் சுட்டியாடா?"

"இல்லப்பா."

"ஒன்னைய எவனும் சுட்டானா?"

"இல்லப்பா."

"பெறகு என்னத்துக்குடா மறைச்ச?"

அண்ணன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். கொஞ்ச நேரம் கழித்து இறக்கினார்.

மறுநாள் சாயங்காலம் ஐரின் வீட்டுக்குப் போனோம். பெரியப்பா, அண்ணன், துணைக்கு நான். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. அதை வாசிக்கச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா என்பது அன்றைக்கு முடிவாக வேண்டும். ஐரினின் அப்பா ஸ்டான்லி நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை வைத்திருக்கிறார். நாற்காலியைக் காட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, மூட்டையப் பிரிக்காமலே எம்புட்டுப் பூ வாடியிருக்குன்னு சொல்லிருவேன் நான். ஒங்களக் கண்டுபிடிக்க முடியலயே."

"தப்புதான் மாமா."

"எப்பிடிச் சேந்தீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

அண்ணன் சொன்னார். படிப்பு முடிந்தபோது வேலை கிடைக்கவில்லை. விசா முடிய நாள் நெருங்கியது. ஒரு வணிக வளாகத்தில் இராணுவத்துக்கு ஆள் எடுக்கிற மேஜை போட்டிருந்தார்கள். சும்மா போய் நின்றவரிடம் என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் உள்ள மொழி தெரிந்தால், வெளிநாட்டு மாணவனாக இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

"தமிழ்னு சொன்னேன் மாமா. வெரல வச்சுத் தேடினாரு. இருந்துச்சு. எந்திரிச்சுக் கை குடுத்தாரு."

"தமிழா?" என்றார் ஸ்டான்லி. "நம்ம தமிழா?"

"போன்ல பரீச்ச வச்சாங்க. ஒரு அம்மா தமிழ்ல பேசுனாங்க. ஒங்க ஊர்ல தண்ணி வசதி எப்பிடின்னு கேட்டாங்க. திண்டுக்கல்லாச்சே, அர மணி நேரம் பேசுனேன். பாஸ்."

ஸ்டான்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"பத்து வாரப் பயிற்சி. கடைசி நாள் கையத் தூக்கி உறுதிமொழி எடுத்தேன். அன்னைக்கே அமெரிக்கக் குடிமகன். அப்புறம் ஆப்கானிஸ்தான்ல காந்தஹாருக்குப் போட்டாங்க. அங்க தமிழ் பேச ஒரு ஆளும் கெடையாது."

"அங்க என்ன வேலை?" என்று முதல் தடவையாக ஐரின் கேட்டாள்.

அண்ணன் தரையைப் பார்த்தார். "செத்துப்போன சிப்பாய்ங்கள எங்ககிட்டதான் கொண்டாருவாங்க. பை பையாத் துழாவி, என்னென்ன இருக்குன்னு எழுதணும். ரத்தம் இருந்தா கழுவணும். அப்புறம் பொட்டியில போட்டு வீட்டுக்கு அனுப்பணும். ரெண்டு பேரு வேல. ஒருத்தன் சொல்லணும், ஒருத்தன் எழுதணும். நான் சொல்ற ஆளு."

பெரியப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "எம்.எஸ். படிச்சிட்டு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஐரின் அசையவில்லை. "பரவால்ல. செத்தவங்களுக்கு யாராவது செய்யத்தான வேணும். ஆனா ஒண்ணு கேக்கணும். ஆபீஸ்ல ஸ்டீவுன்னு ஒருத்தரு இருக்காருன்னீங்களே. லீவு நாளுன்னா மீன் பிடிக்கப் போயிருவாருன்னு. அவரும் அந்த முகாம்லதான் இருக்காரா?"

அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"மார்க்கஸ்னு சொன்னீங்க. அவரு மகளுக்கு முன்பல்லு விழுந்திருச்சுன்னு. ஈஸ்டருக்கு எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லச் சொன்னேன். சொல்லிட்டேன்னீங்க. பல்லு மொளச்சிருச்சான்னு கேட்டேன். மொளச்சிருச்சுன்னீங்க."

"ஸ்டீவோட பர்ஸ்ல மீன் பிடிக்கிற லைசென்ஸ் இருந்துச்சு" என்றார் அண்ணன். "மார்க்கஸ் பையில மக எழுதுன லெட்டர். தன் மூஞ்சிய வரஞ்சு, பல்லு விழுந்த எடத்துல கட்டம் போட்டிருந்துச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஐரினுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது.  ஆறு மாதமாக அவள் நலம் விசாரித்த அத்தனை பேரையும் அண்ணன் முந்தின வருடமே பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்.

"எல்லாருமா?" என்றாள்.

"எல்லாரும்."

"ஏன்?"

"நீ ஆபீசப் பத்திச் சொல்லுன்னு கேட்ட. எனக்கு வேற யாரையும் தெரியாது ஐரின்."

ஸ்டான்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

ஐரின் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள். கோபமாகத் தெரியவில்லை. சொல்லித் தருகிற குரலில்தான் கேட்டாள். "சரி. உயிரோட இருக்க ஒருத்தரப் பத்திச் சொல்லுங்க. யாராவது ஒருத்தரு. சொல்லுங்க, நான் கேக்குறேன். நாளைக்கழிச்சு ஓல வாசிக்கட்டும்."

அண்ணன் யோசித்தார். பெரியப்பா ஜன்னலிலிருந்து திரும்பி, "சொல்லுடா, ஒங்கம்மாவப் பத்திச் சொல்லு" என்றார். அண்ணன் நிமிர்ந்தார். கண்கள் அறையைச் சுற்றி வந்து என்மேல் நின்றன.

"இவன்" என்றார். "மிக்கேலு."

"சொல்லுங்க. இவரு எப்பிடி?"

அண்ணனின் குரல் மாறியது. ஏற்ற இறக்கம் எல்லாம் போய், படிக்கிற குரல் ஆனது.

"மேல் இடது பை. பேனா ஒண்ணு, நீலம். மூடி இல்ல."

நிறுத்தினார். யாரோ எழுதி முடிக்கிற அளவு நேரம்.

"மடிச்ச தாள் ஒண்ணு. கையால எழுதுனது. கவிதை மாதிரி இருக்கு. மேல் வலது பை, இல்ல." மறுபடி நிறுத்தம். "கழுத்துல ஜெபமாலை, நூல்ல கோத்தது. இடது மணிக்கட்டுல வாட்ச் ஒண்ணு. ஓடுது."

என் வெள்ளைச் சட்டை மெல்லியது, பையில் இருப்பது வெளியே தெரியும். இருந்தாலும் என் கை தானாகப் போய்ப் பையை மூடிக்கொண்டது.  அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஓட்டிப்போன மனிதர்.

"கால்சட்டை, இடது பை..."

"போதும்" என்றாள் ஐரின். "போதும், விடுங்க."

அண்ணன் நிறுத்தினார். தான் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே கேட்டதுபோல எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பெரியப்பா வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததே கிடையாது.

ஐரின் எழுந்து நின்றாள். அழுதாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள். "மூணாவது ஓல வேணாம்ப்பா. எனக்குப் பயமா இருக்கு. இவரு கெட்டவரில்ல. ஆனா நானும் இவருக்கு என்னைக்காவது ஒரு பட்டியலாத்தான் தெரிவேன்."

ஸ்டான்லி சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு இரண்டு ஜோடிகளின் ஓலைதான் வாசிக்கப்பட்டது. அண்ணனும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். வந்த ஒன்பதாம் நாள் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனார்.

அப்புறம் நடந்தது அதிகம் இல்லை. ஐரினுக்கு வத்தலக்குண்டில் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். அண்ணன் ஒப்பந்தம் முடிந்ததும் இராணுவத்தை விட்டார். டெக்சாஸில் ஒரு சிறு ஊரில், ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்க்கிறார். வாராவாரம் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போய்ப் பேசுகிறார். எனக்கு மாதம் ஒருமுறை போன் செய்வார். பல வருடம் "சாப்டியாடா, அப்பா எப்பிடி" என்பதோடு வைத்துவிடுவார்.

போன மாதம் இருபது நிமிடம் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தாராம். கூரையில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கினாராம்.

"கெட்ட வார்த்தையாத் திட்டுறான்டா எறங்குற வரைக்கும். எறங்குனதும் ஒரே சிரிப்பு."

"அவரு பேரு என்னண்ணே?"

"அதக் கேக்க மறந்துட்டேன்டா" என்றார் அண்ணன்.