பக்கம் புரட்டியவன்

எங்கள் சர்ச் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடமாக நான் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறேன். சரியாகச் சொன்னால், டெனர் பாடுகிறவர்களின் வரிசையில் நிற்கிறேன். பக்கத்தில் நிற்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் என்ன பாடுகிறாரோ, அதையே கால் நொடி தாமதமாகப் பாடிவிடுவேன். வாரம் முழுக்க அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே கிடக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை அங்கியை மாட்டியதும் இசைக் கலைஞனாகிவிடுவேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், ஜெர்மனியில் ஏதோ ஒரு நடுத்தர ஊரின் நாடக அரங்கிலிருந்து இரண்டு பேர் மைசூருக்கு வந்தார்கள். ஒருவர், கதவில் குனிந்து நுழைய வேண்டிய உயரமுள்ள பாடகர். மற்றவர் அவருக்கு பியானோ வாசிக்கும் அம்மையார், அறுபதை நெருங்கியவர். எங்கள் சர்ச் ஹாலில் நல்ல பியானோ இருந்ததால் கச்சேரியை அங்கேயே வைத்தார்கள். முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் கேட்டார்:

"அந்த அம்மாவுக்குப் பக்கம் புரட்டிக் கொடுக்க ஒருத்தர் வேணும். மியூசிக் நோட்ஸ் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

யோசிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது.

எனக்குப் படிக்கத் தெரிந்தது, நம் ச ரி க போல டோ, ரே, மீ என்று எழுத்தாகவே அச்சிட்ட பழைய தாள்களை மட்டும்தான். உலகத்துப் பியானோக்காரர்கள் பார்த்து வாசிப்பதோ ஐந்து கோடுகளில் கறுப்புப் புள்ளிகளை. என் மனைவி நர்ஸ். பொய்யான ஜுரத்தைத் தொட்டுப் பார்க்காமலே கண்டுபிடிப்பவள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி, கன்னடம் கலந்த எங்கள் மைசூர்த் தமிழில் கேட்டாள்:

"ஏங்க, உங்களுக்கு டோ ரே மீ தானே தெரியும்? அவங்க தாள்ல புள்ளி புள்ளியா இருக்குமே?"

"ரெண்டும் ஒண்ணுதான். எழுத்து இருக்கிற எடத்துல புள்ளி. அவ்வளவுதான், அஷ்டே."

"ஓஹோ. அப்போ கன்னடமும் சைனீஸும் ஒண்ணுதான், இல்லையா?"

வண்டியை மண்டி மொஹல்லா கடைத்தெருப் பக்கம் திருப்பினேன். மேடைக்கு ஒரு கறுப்புக் கோட்டு வேண்டியிருந்தது. கிடைத்த கோட்டின் கை என் கையை விட இரண்டு அங்குலம் நீளம். கலைஞர்கள் இப்படித்தான் போடுவார்கள் என்றார் கடைக்காரர். நம்பினேன்.

கச்சேரியன்று மதியம் ஒத்திகை. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். "நான் தலையசைப்பேன். நீங்கள் எழுந்து, மேல் மூலையைப் பிடித்துப் புரட்டிவிட்டு உட்காருங்கள். அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மையார். நான்கைந்து இடங்களில் மட்டும் வாசித்துப் பார்த்தோம். சரியாகவே புரட்டினேன்.

இடைவேளையில் காபி குடித்துக்கொண்டே தன் ஊரைப் பற்றிச் சொன்னார். மைசூரை விடச் சின்ன ஊராம். ஆனால் ஊருக்கென்று ஒரு நாடக அரங்கு, அதற்கென்று வாத்தியக் குழு, மாதச் சம்பளத்தில் பாடகர்கள், நடிகர்கள்.

"பென்ஷன் உண்டா?" என்று கேட்டேன். இசையைப் பற்றி எனக்குத் தோன்றிய முதல் கேள்வி அது.

"உண்டு" என்று சிரித்தார். அவருடைய வேலை ஒத்திகைக்கு வாசிப்பது. அரங்கின் அடித்தளத்தில் ஒரு சின்ன அறை. அங்கே இசை நாடகங்களில் பாடும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கைப் பியானோவில் வாசித்து வாசித்து மனப்பாடம் செய்ய வைப்பார். கடைசியில் மேடையேறும் நாளில் வாத்தியக் குழு வந்துவிடும். பியானோவுக்கு வேலை இருக்காது. "இருபத்தெட்டு வருடமாக முதல் காட்சியன்று நான் வீட்டில் இருக்கிறேன். இந்தப் பயணத்தில்தான் மேடையில் உட்காருகிறேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

மாலை ஹால் நிறைந்துவிட்டது. முதல் பாட்டு தொடங்கியதும் ஒரு விஷயம் தெரிந்தது: ஒத்திகையில் அளவாகத் தலையசைத்தவர், மேடையில் இசையோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எது எனக்கான தலையசைப்பு? முதல் அசைவுக்கே எழுந்து புரட்டினேன். அவருடைய இடது கை பாம்பு மாதிரி பாய்ந்து பக்கத்தைத் திருப்பிப் போட்டது. வலது கை வாசிப்பை நிறுத்தவில்லை. அடுத்த முறை ஜாக்கிரதையாகக் காத்திருந்தேன். அவர் தலையை அசைத்தார். இன்னும் பலமாக அசைத்தார். பிறகு ஜெர்மனில் ஏதோ சீறினார். அந்த மொழியில் எனக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அது.

நான்காவது பாட்டில் கதை முடிந்தது. எழுந்து மூலையைப் பிடித்தேன். கோட்டின் கை தாள்களில் மாட்டிக்கொண்டது. உதறினேன். மொத்தக் கட்டும் சரிந்து, சில தாள்கள் பியானோ மேலும் மிச்சம் தரையிலுமாக விழுந்தன. மின்விசிறி தன் பங்குக்கு இரண்டைப் பியானோவுக்கு அடியில் அனுப்பியது. நானும் அங்கேயே போனேன்.

மேலே வாசிப்பு நிற்கவில்லை. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. பாட்டு முழுவதும் அவர் விரல்களுக்கே தெரிந்திருந்தது. பாட்டு முடிந்து ஹால் அதிரக் கை தட்டியபோது, நான் பியானோவின் கால்களுக்கிடையே மண்டியிட்டு, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின.

எல்லாம் முடிந்ததும் அந்த அம்மையாரிடம் போய் நின்றேன்.

"எனக்கு இந்தப் புள்ளிகளைப் படிக்கத் தெரியாது. பொய் சொல்லிவிட்டேன்."

"முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது" என்றார்.

"அப்புறம் ஏன் என்னை மேடையிலிருந்து அனுப்பவில்லை?"

"யார் பாடினாலும் ஜனங்கள் பாடகரைத்தான் பார்ப்பார்கள். இன்று ஹால் முழுக்க பியானோவைப் பார்த்தது." என் கோட்டின் கையைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பாடகர் சிரிக்கவில்லை. தூரத்திலிருந்தே எனக்குத் தலையசைத்துவிட்டு, குனிந்து கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

பிறகு, எனக்கு என்னதான் தெரியும் என்று அந்த அம்மையார் கேட்டார். எங்கள் பாட்டுத்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எழுத்தாக எழுதிய இசையை அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாக என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார். "இப்போது நீங்கள் பாடுங்கள்" என்றார். தபால்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த இருபது வருடத்தில் முதல்முறையாகத் தனியாகப் பாடினேன். இரண்டு இடத்தில் சுருதி விலகியது; அங்கே என் சுரத்தை மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டி, என்னை இழுத்துக்கொண்டு போனார். அந்த அடித்தள அறையில் அவர் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் மனைவி முதுகில் தட்டினாள்.

"கடைசியா பாடினது நல்லாத்தான் இருந்துச்சு கண்ரீ. நெஜமா."

இப்போது சனிக்கிழமை காலைகளில் ஒரு கீபோர்டு வகுப்புக்குப் போகிறேன். வலது கைப் புள்ளிகள் ஓரளவு பழகிவிட்டன. இடது கை அடுத்த வருடம் என்கிறார் டீச்சர். அவருக்கு இருபத்தாறு வயது, என்னை அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுகிறார்.