பேலுக்கு ஒரு எட்டு, நோட்டுக்கு ஒரு எட்டு

பாப்பா, தம்பி, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் தம்பி சிலேட்டில் போட்டிருந்த ஆறைப் பாப்பா கையால் அழித்துவிட்டு, "போலே, ஒனக்கு நம்பரெல்லாம் வராது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை பாப்பா. ஆனால் அந்த 'வராது' என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது. ஒரு காலத்தில் உன்னைப் பார்த்தும் ஒருவர் அதைச் சொன்னார். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு மறக்கவே மறக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதக் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது அது. அதுவரை ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். நீ அங்கே பால்வாடிக்குப் போனாய். அந்த வருஷம்தான் இந்த ஊருக்குக் குடிவந்தோம். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் பிள்ளைக்கு எழுத்தும் நம்பரும் தெரிகிறதா என்று எழுத வைத்துப் பார்ப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எழுத்து அம்மா பொறுப்பு. நம்பர் என் பொறுப்பு என்று நானாகத்தான் முன்னால் போய் வாங்கிக்கொண்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இருந்தாலும் நம்பர் என் தொழில். மில்லில் நூலைப் பெரிய பொதியாகக் கட்டிப் பேலாக்கியதும் அதன் மேல் நம்பர் போடுகிற வேலை எனக்கு. தகரத் தகட்டில் ஒவ்வொரு நம்பரும் வெட்டியிருக்கும். தகட்டைப் பேல் மேல் வைத்து, கருப்பு மையில் பிரஷ்ஷைத் தொட்டுத் தேய்த்து, தகட்டை எடுத்தால் நம்பர் விழுந்திருக்கும். அப்போதே பதினொரு வருஷமாக அதைத்தான் செய்துவந்தேன். ஓரம் வளைந்துபோன பழைய தகடுகள் பத்தை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தகட்டை நோட்டில் வைத்து நீ பென்சிலால் தேய்ப்பாய். பிறகு அதே மாதிரி தகடு இல்லாமல் எழுதுவாய். இரண்டு மாதம் விடாமல் செய்தோம். ஒன்றிலிருந்து இருபது வரை அச்சில் அடித்த மாதிரி எழுதினாய்.

மில்லில் எல்லாரிடமும் நோட்டைக் காட்டினேன். என்னோடு பேல் கட்டுகிறவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, ஒம்மவள நாளைக்கே இங்க கூட்டியாந்துரு. நீ வீட்ல இருந்து சோறாக்கு" என்றார். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வராந்தாவில் பத்துப் பதினைந்து பெற்றோர் வரிசையில் நின்றோம். மேஜைக்குப் பின்னால் ஒரு டீச்சர். உன்னிடம் ஒரு தாளைக் கொடுத்து இருபது வரை எழுதச் சொன்னார். நீ நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாய். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பெருமை. டீச்சர் தாளை வாங்கிச் சிவப்புப் பேனாவால் சுழிக்க ஆரம்பித்தார். நாலைச் சுழித்தார். ஆறைச் சுழித்தார். எட்டு, ஒன்பது, பத்து. இருபது நம்பரில் பாதிக்குப் பாதி, பத்து நம்பரைச் சுழித்துவிட்டார்.

"இதுல எங்க மிஸ் தப்பு?" என்றேன். கேலிக்குக் கேட்கவில்லை. சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன்.

"உங்களுக்கே தெரியலையா? எல்லாம் பிஞ்சு பிஞ்சு கிடக்குது பாருங்க. ஒரு எட்டைக்கூட முழுசா எழுத வரல. கை நடுங்குதோ என்னமோ, டாக்டர்ட்ட காட்டுங்க."

பார்த்தேன். அப்போதும் அது பிய்ந்து கிடப்பதாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. எட்டு எட்டாகத்தான் இருந்தது.

"வீட்ல யார் சொல்லிக்குடுக்கிறது?"

"நாந்தான் மிஸ்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

சொன்னேன். அவர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "படிக்காதவங்க சொல்லிக்குடுத்தா இப்படித்தான் வரும். இந்தப் பிள்ளைக்கு ஒன்னாம் வகுப்பெல்லாம் வராது. எல்கேஜில இருந்து ஆரம்பிங்க. வெள்ளிக்கிழமையோட அட்மிஷன் முடியுது, யோசிச்சுட்டு வாங்க."

சொன்னது என்னை என்றால் தாங்கியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெளியே வந்ததும் நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எனக்கு என்ன வராது?" என்று கேட்டாய். நான் பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மத்தியான ஷிப்டுக்குப் போனேன். முதல் பேலின் நம்பரே எட்டில் முடிந்தது. மை தேய்த்துத் தகட்டை எடுத்தேன். எட்டு ஈரமாக மினுங்கியது. சிவப்புச் சுழி மனதை விட்டுப் போகாததால், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த எட்டை உற்றுப் பார்த்தேன். அதன் கோடு முழுசாக இல்லை. மேல் வளையத்தில் இரண்டு இடத்தில் விட்டிருந்தது. கீழ் வளையத்திலும் அப்படியே.

விட்டுத்தான் ஆக வேண்டும் பாப்பா. எட்டின் கோட்டை முழுக்கச் சுற்றி வெட்டினால் நடுவில் இருக்கிற தகரம் பொத்தென்று கீழே விழுந்துவிடும். வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அது விழாமல் பிடித்துக்கொள்ளத்தான் அங்கங்கே கொஞ்சம் வெட்டாமல் விடுவார்கள். வயிற்றில் ஓட்டை உள்ள நாலு, ஆறு, எட்டு, ஒன்பது, சைபர் எல்லாவற்றுக்கும் இதே கதை. டீச்சர் சுழித்ததும் அதே நம்பர்களைத்தான். உன் கை நடுங்கவில்லை. தகட்டில் எங்கே விட்டிருந்ததோ சரியாக அங்கே விட்டு எழுதியிருக்கிறாய். பதினொரு வருஷம் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்குத்தான் அந்த இடைவெளி தெரியாமல் போயிருந்தது.

தப்பு எங்கே என்று தெரிந்ததும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ரோஷம். எல்கேஜி கிடையாது, வேறு பள்ளிக்கூடமும் கிடையாது, வெள்ளிக்கிழமை அதே மேஜைக்கு முன்னால் என் பிள்ளை எழுதும் என்று அந்தப் பேல் முன்னாலேயே முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் உன்னை மடியில் உட்கார வைத்து, "அப்பா சொல்லிக்குடுத்தது தப்பு பாப்பா" என்றேன். பள்ளிக்கூடத்தில் அழாத நீ அப்போது அழுதாய். "இல்ல, மிஸ்தான் தப்பு. எங்கப்பா தப்பாச் சொல்லிக்குடுக்க மாட்டாரு" என்று தகட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டாய். எவ்வளவு சொல்லியும் எட்டை மூட மறுத்துவிட்டாய். மூடினால் அப்பா தோற்றுப்போவார் என்று நினைத்தாயோ என்னவோ.

அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் மில்லில் வேலை பார்த்தவள்தான். ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால் ஓடிப்போய் இழையை ஒட்டுவது அவள் வேலை.

"செத்த நேரம் தள்ளுங்க. நம்பர் ஒங்க பொறுப்புன்னு விட்டதுக்கு நல்லாப் பாத்தீங்க" என்று என்னை ஒரு இடி இடித்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏட்டி, இங்க பாரு. இந்த எட்டுல நூலு அறுந்து கெடக்கு. அம்மா மில்லுல அறுந்த நூல என்ன செய்வேன்?"

"ஒட்டுவ."

"அப்ப ஒட்டு. ஒங்கப்பா நூல அறுத்துட்டாரு, நாம ஒட்டுவோம்."

நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டே பென்சிலை எடுத்தாய். முதல் நாள் முழுக்க விட்டுப்போன இடத்தில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு கோடு. "பொறவு ஒட்டுதது என்னத்துக்கு? அறுக்காமலே ஓட்டு பாப்போம்" என்றாள் அம்மா. புதன்கிழமை வைத்த கையை எடுக்காமல் ஓட்டப் பழகினாய். உன் எட்டு இடுப்பு ஒடிந்து சாய்ந்தது. ஒன்பதுக்குத் தலை வீங்கியது. அச்சு மாதிரி இருந்த நம்பர் எல்லாம் கோணல் மாணலாகப் போனதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு இழைகூட அறவில்லை.

வெள்ளிக்கிழமை போனோம். பையில் எட்டாம் நம்பர் வெட்டிய தகட்டை எடுத்துக்கொண்டேன்.

"எல்கேஜி ஃபாரம்தானே?" என்றார் அதே டீச்சர்.

"இல்ல மிஸ். ஒன்னாம் வகுப்பு. இன்னொரு தடவ எழுதச் சொல்லுங்க."

"நாலு நாள்ல என்ன மாறிடப் போகுது?"

தகட்டை மேஜை மேல் வைத்தேன். டங்கென்று சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "தப்பு இந்தத் தகரத்துல இருக்கு. சொல்லிக்குடுத்த என்கிட்ட இருக்கு. பிள்ள கைல இல்ல. நீங்க எழுதச் சொல்லுத வரைக்கும் நான் இங்கனயே நிக்கேன்."

அவ்வளவு சத்தமாக நான் எந்த ஆபீஸிலும் பேசியது கிடையாது. மேஜையை விட்டு நகரவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை அறையிலிருந்து வந்தார். தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "ஒரு தாள் குடுங்க. எழுதட்டும்" என்றார்.

எழுதினாய். நாலை மூடினாய். ஆறை மூடினாய். எட்டைப் போடும்போது "அறுக்காத, அறுக்காத" என்று நீயே உனக்குச் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. இருபது வரை முடித்தாய். டீச்சர் தாளை இழுக்கப் போனார். நீ விடவில்லை. தாளின் அடியில் இன்னொரு எட்டு எழுதினாய், பழைய எட்டு. விட்ட இடமெல்லாம் விட்டு, அச்சு மாதிரி.

டீச்சர், "பாருங்க, மறுபடியும்" என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"அது எங்கப்பா எட்டு. பேலுக்கு அது. நோட்டுக்கு இது" என்றாய் நீ.

"அதச் சுழிக்காதீங்க மிஸ். அது தப்பில்ல" என்றேன் நான்.

பேனா தாளுக்கு மேலேயே செத்த நேரம் நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அவர் சிரிக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பு ஃபாரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். எனக்கு அது போதும்.

அதனால்தான் சொல்கிறேன் பாப்பா. தம்பிக்கு ஆறு கோணினால் அழிக்காதே. எங்கே கோணுகிறது, யார் சொல்லிக்கொடுத்ததில் கோணுகிறது என்று பார். அது என்னிடமிருந்து வந்ததாக இருந்தாலும் தயங்காமல் சொல். படிக்காதவன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று யார் சொன்னாலும் நான் இன்றைக்கும் கேட்கப் போவதில்லை. தப்பாகச் சொல்லிக்கொடுத்தால், தப்பு என்று ஒத்துக்கொண்டு மறுபடி சொல்லிக்கொடுப்பேன். உங்கள் இரண்டு பேருக்கும் வராதது என்று ஒன்று இருந்தால், அதை நீங்கள் முயன்று பார்த்துக் கண்டுபிடியுங்கள். இன்னொருவர் சிவப்புப் பேனா அதை முடிவு செய்ய விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஷிப்டில் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். நம்பர் எட்டில் முடிகிற பேல் ஒன்று வந்தது. தகட்டை வைத்து மை தேய்த்து எடுத்தேன். பிறகு பிரஷ்ஷின் நுனியை மையில் தொட்டு, விட்டுப்போயிருந்த நாலு இடத்தையும் ஒவ்வொன்றாக ஒட்டினேன். காயும் வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு, அந்தப் பேலை லாரியில் ஏறுகிற வரிசைக்குத் தள்ளிவிட்டேன்.