முங்கிய பயிருக்குப் படம்

கொள்ளிட வெள்ளத்தில் குமராட்சியில் என் நெல்வயல் மூழ்கிய வாரம், சேதக் கணக்கெடுக்க ஓர் அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட அரசாங்க போன். வரப்பில் நின்று படமெடுத்தால் செயலி ஏற்காதாம். இடுப்பளவு தண்ணீரில் வயலுக்குள் இறங்கினார். முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு படமும் எடுப்பார்.

அனுப்பியதும், கடலூரில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்த அதிகாரி அழைத்தார். படத்தில் பயிரே தெரியவில்லையாம்.

“பயிரு கண்ணுக்குத் தெரிஞ்சா, அது எப்புடி சார் முங்குன பயிராவும்?” என்று போனில் கத்தினார் அந்த அம்மா.

பிறகு குனிந்து, அழுகிய நெற்கொத்து ஒன்றைப் பிடுங்கி, தூக்கிப் பிடித்துப் படமெடுத்து அனுப்பினார். அதையும் தள்ளிவிட்டார்கள். படத்தில் கை தெரிகிறதாம்!

அவர் மறுபடி திரையைத் துடைத்தார். அந்த போனை ஏன் அவர் வெள்ளத்தில் வீசவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.