ஆறடித் தொட்டியும் ஒரு மாப்பிள்ளையும்

ரிட்டயர் ஆன கணவர்களின் கையில் ஸ்மார்ட்போன் இருக்கக் கூடாது என்று யாராவது மனு எழுதினால், முதல் கையெழுத்து என்னுடையதுதான்.

போன மாதம் ஒருநாள் காலை காபி நேரம். என் கணவர் ரகு போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாரேன்... எவ்வளவு அழகா இருக்கு!"

பார்த்தேன். ஒரு மீன் தொட்டி. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். தேக்கு ஸ்டாண்ட். செகண்ட் ஹேண்ட். கூத்தாநல்லூரில் ஒரு வீட்டில் விற்பனைக்கு இருக்கிறதாம். வெளிநாடு போகிறார்களாம், அதனால் அவசரமாம்.

"அழகாத்தான் இருக்கு. எங்க வைப்பீங்க?"

மனுஷனின் கண் மெதுவாக ஹாலின் கிழக்குச் சுவர் பக்கம் போனது.

அந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அடியில் என் எழுத்து மேஜை. வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு நான் அரட்டை அடிப்பது அங்கே உட்கார்ந்துதான். கும்பகோணத்துத் தெருவில் எங்கள் வீடு அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. ஆறடிச் சுவர் வேறு எங்கும் காலியாகக் கிடையாது. ஆக, மீன் உள்ளே வந்தால் நான் அங்கிருந்து கிளம்ப வேண்டும்!

"ஜன்னல் வெளிச்சம் பட்டா தொட்டியில பாசி பிடிக்குமே?" என்று ஒரு பாயிண்டை எடுத்து விட்டேன்.

"ஜன்னலை மூடிட்டாப் போச்சு" என்றார்.

எப்படி இருக்கிறது கதை?

உதவிக்கு என் தம்பிக்குப் போன் போட்டேன். திருவிடைமருதூர் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு உலகத்தில் எதையும் நெல் மூட்டையாக மாற்றித்தான் யோசிக்க வரும்.

"அறுநூறு லிட்டர் தண்ணியா? அப்ப பத்து மூட்டை நெல்லு, அக்கா! கண்ணாடி, கல்லு, ஸ்டாண்டு எல்லாம் தனி. ஹால்ல பத்து மூட்டையை அடுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பியா நீ?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ரகுவும் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "பத்து மூட்டைதானா? நம்ம வீடு கீழ் வீடு, தரை அசையாது!"

தம்பியால் ஆன உதவி அவ்வளவுதான். அடுத்து வந்தது அந்த ஆபத்தான வசனம். "வாங்க வேண்டாம்டி. சும்மா பார்த்துட்டு வரலாம்."

எத்தனையோ கல்யாணங்கள் நடந்ததே இந்த ஒரு வசனத்தால்தானே?

நீடாமங்கலம் வழியாகப் போனோம். வழியெல்லாம் நடவு முடிந்த வயல். ரகு வண்டி ஓட்டிக்கொண்டே ஃபில்டர், மோட்டார், ஹீட்டர் என்று எனக்கு வகுப்பெடுத்தார். யூடியூபில் பட்டம் வாங்கியிருக்கிறார்.

அந்த வீட்டு அம்மாவின் பெயர் ஃபரீதா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவராக இருக்கலாம். பளிச்சென்ற பெரிய வீட்டில் தனியாக இருந்தார். கணவர் ஷார்ஜாவில். மகள் கல்யாணமாகிச் சென்னையில். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்து போகிற கணவரோடு, இப்போதுதான் சேர்ந்து இருக்கப் போகிறார். விசா வந்துவிட்டது.

"உள்ள வாங்க. மாப்பிள்ளையைப் பாருங்க" என்றார்.

மருமகன் ஊரிலிருந்து வந்திருக்கிறார் போல என்று நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன். ஹாலில் யாரும் இல்லை. தொட்டி மட்டும்தான். அதற்குள் ஒரே ஒரு மீன். ஆஸ்கர் வகையாம். என் கையின் நீளம் இருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், முழங்கை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள். கண்ணாடியை ஒட்டி வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தது.

"இவருதான் மாப்பிள்ளை" என்றார் ஃபரீதா. "சாப்பாடு கொஞ்சம் லேட்டானா போதும், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு மூலையில போயி நின்னுக்குவாரு. நாமளா போயிக் கெஞ்சணும். அதான் அந்தப் பேரு."

ரகு கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். தொட்டி பழசா, கசிவு உண்டா, பேரம் படியுமா... ஒன்றும் கேட்கவில்லை. "இவரு என்ன சாப்பிடுவாரு?" என்று கேட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் தம்ரூட் என்கிற அந்த ஊர் ரவை இனிப்பு வந்தது. நெய் விரலில் வழிந்தது. சமோசா வந்தது. டீ வந்தது. வாயெல்லாம் இனிப்போடு ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ‘உங்கள் தொட்டி எங்களுக்கு வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்வீர்களா?

நான் நம்மூர் முறைப்படி எழுந்தேன். "யோசிக்கிறோம்ங்க" என்றேன். "பார்க்கலாம்" என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்ப போயிட்டு வர்றோம்" என்றேன். வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு தமிழச்சியால் சொல்ல முடியாது.

ஃபரீதா நிலைப்படியில் கை வைத்து நின்றார். "எப்ப வர்றீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனை வாசலில் ‘வர்றேன்’ சொல்லியிருப்பேன்! ஒருவர்கூட ‘எப்ப’ என்று கேட்டதில்லை. ‘போறேன்’ என்றால் அபசகுனம் என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் எல்லா இடத்திலும் ‘வர்றேன்’தான். பல்லைப் பிடுங்கிய டாக்டரிடமும் ‘வர்றேன் டாக்டர்’ என்றுதான் சொல்லிவிட்டு வருகிறோம். பிடுங்குவதற்கு இன்னும் பல் பாக்கி இருக்கிறது என்றா அர்த்தம்?

அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றினால்தானே. "வர்ற... சனிக்கிழமை" என்று என் வாய் சொல்லிவிட்டது.

வண்டியில் ரகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சனிக்கிழமையா? அப்ப ஆளுக்குச் சொல்லிடட்டுமா, தூக்க?"

"போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க."

"வர்றோம்னு நீதானே சொன்னே? நீயே சொல்லு."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. போனை எடுப்பேன்... வைப்பேன். தம்ரூட் கொடுத்த கைக்குப் போனில் பதில் சொல்வது மரியாதையில்லை என்று ஒரு மனசு. நேரில் போனால் சொல்லவே மாட்டாய் என்று இன்னொரு மனசு. ரகுவோ டேப்பை வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். நான் மேஜையில் உட்கார்ந்து எழுதும்போதே என் காலுக்குப் பின்னால் டேப் சரசரவென்று ஓடும். எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமையும் வந்தது. ‘எங்களுக்கு வேண்டாம், மன்னிச்சுக்குங்க’ என்று நீடாமங்கலம் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்ததும் ஃபரீதாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வந்துட்டீங்களா! நேத்து ஒரு ஹோட்டல்காரர் வந்தாரு மேடம். ரிசப்ஷன்ல வைக்கத் தொட்டி மட்டும் போதும்னாரு. அப்ப மாப்பிள்ளை என்ன ஆவாருன்னு கேட்டேன். அது கெடக்கு, பார்த்துக்கலாம்னாரு. ஏற்கெனவே பேசி வச்சிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நீடாமங்கலம் வரை பார்த்த ஒத்திகையெல்லாம் வீண்.

அப்போதுதான் கவனித்தேன். தொட்டிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலில் சோற்றுத் தட்டு, பாதி சாப்பிட்டபடி. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"தனியா உட்கார்ந்தா சோறு எறங்காது மேடம். அதான் இங்க உட்கார்ந்துக்குவேன். அவரும் சாப்பிடுவாரு, நானும் சாப்பிடுவேன். யாருகிட்ட இருக்காருன்னு தெரிஞ்சாப் போதும். நிம்மதியா ஃபிளைட் ஏறிடுவேன்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஃபரீதாவே சிரித்தார்.

"மேடம், நீங்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்திருக்கீங்க. அன்னிக்கே தெரியும். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இதே மாதிரி ‘வர்றோம்’னு சொல்லிட்டுப் போனாங்க. நான் எப்பன்னு கேக்கலை. அவங்க வரவும் இல்லை. உங்க சார், மாப்பிள்ளை என்ன சாப்பிடுவாருன்னு கேட்டாருல்ல? அதனாலதான் உங்ககிட்ட மட்டும் எப்பன்னு கேட்டுப் பார்த்தேன். வேண்டாம்னா நேராச் சொல்லிடுங்க. சத்தியமா தப்பா நெனைக்க மாட்டேன்."

மாட்டிக்கொண்டேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே... அந்த அம்மாள் தெரிந்துதான் கொக்கி போட்டிருக்கிறார்! இப்போது அவரே கொக்கியைக் கழற்றிவிட்டு, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ரகு என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வற்புறுத்தவில்லை, கண்ணைக் காட்டவில்லை. வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒன்றை ஆசையாகப் பார்த்து உட்கார்ந்திருக்க அவருக்கு ஏது நேரம்? எனக்கு அவர் மேல் பாசமாக வந்தது. கொஞ்சம் கோபமாகவும் வந்தது.

ஒன்று சொல்லட்டுமா? வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாதபோது, வாரம் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றே மனசு முரண்டு பிடித்தது. தாராளமாகச் சொல்லிக்கொள் என்று ஒருவர் அனுமதி கொடுத்ததும், சொல்லத் தோன்றவில்லை.

"மேஜையைச் சாப்பாட்டு ரூமுக்கு மாத்திக்கிறேன்" என்றேன் ரகுவிடம். "ஆனா வாரா வாரம் தொட்டி கழுவுறது நீங்கதான். நான் பக்கெட்டைத் தொட மாட்டேன்!"

ரகு வேகமாக எழுந்ததில் பிளாஸ்டிக் நாற்காலி சாய்ந்தது. ஃபரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு இறால் எப்படி உரித்துப் போடுவது என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். ரகு போனில் வீடியோ எடுத்தார். நான் மறுபடியும் தம்ரூட் சாப்பிட்டேன். மனசு லேசாக இருந்ததாலோ என்னவோ, அன்றைக்கு ருசி இன்னும் கூடுதல்.

ஆள் கூட்டி வந்து தூக்கிக்கொண்டு போகிற நாளையும் பேசி முடித்தாகிவிட்டது. கிளம்பி வாசலுக்கு வந்தோம். ஃபரீதா கூடவே வந்தார். மெதுவாகக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்... மொட்டை மாடியில லவ் பேர்ட்ஸ் ரெண்டு ஜோடி இருக்கு. கூண்டோட. ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போறீங்களா?"

ரகுவின் கண் மாடிப்படிக்குப் போனது. அதை நான் பார்த்தேன்.

"அதெல்லாம் முடியவே முடியாது!" என்றேன், செருப்பை மாட்டியபடி. "வேண்டாம் ஃபரீதா. எனக்குப் பிடிக்காது. எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே பகீர் என்றது. பார்க்கலாம் இல்லை, யோசிக்கிறேன் இல்லை... பட்டென்று இப்படியா சொல்வேன்?

ஃபரீதாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதுவரை மேடம் மேடம் என்று கூப்பிட்டவர், அவர்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுகிற முறையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இப்பத்தான் லாத்தா, நீங்க சொந்தக்காரங்க மாதிரி பேசுறீங்க!"