வடக்குப்பட்டுச் சேற்றில் மூன்று ஞாயிறுகள்

பிள்ளைகளைச் சேற்றுச் சைக்கிள் பந்தயத்துக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் புரட்டாசியில் மூன்று ஞாயிறு, வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் பக்கம் போய்வந்தேன். ஓட்டியவள் என் மகள் பவித்ரா. சைக்ளோகிராஸ் என்பார்கள். சீசனின் முதல் மூன்று பந்தயப் புள்ளிகளைக் கூட்டி, நான்கு பெண்களைப் பெங்களூருப் போட்டிக்கு அனுப்புவார்கள். அந்த நால்வரில் ஒருத்தியாக வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அதற்காக ஆனி மாதமே இருங்காட்டுக்கோட்டையில் பார்த்துவந்த கம்பெனி வேலையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருந்தால் பயிற்சி நடக்காது. ஆனால் அந்த வேலை, என் வீட்டுக்காரர் ஒரு சூப்பர்வைசரிடம் நடையாய் நடந்து வாங்கிக்கொடுத்தது. அன்றிலிருந்து அவர் அவளிடம் பேசவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "உன் பொண்ண சாப்ட சொல்லு" என்பார் என்னிடம்.

முதல் இரண்டு வாரமும் விளக்கேற்றிவிட்டுக் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். அவள் சைக்கிளில், நான் பஸ்ஸில். ஒரகடம் கூட்டுரோடு வரை இருபது கிலோமீட்டர் சொச்சம், இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து வடக்குப்பட்டுக்கு ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார். கம்பெனி காம்பவுண்டுகளுக்குப் பின்னால் காலி மனைகள், ராத்திரி மழையில் களியாகக் கிடந்தன. நடுவே பலகைத் தடுப்புகள். அங்கெல்லாம் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

ஆட்டோக்காரர் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னாம்மா இது, சைக்கிள் மேல பொண்ணு போவும்னு பாத்தா, பொண்ணு மேல சைக்கிள் போவுது?"

"அதுக்குத்தான் முந்நூறு ரூவா கட்டி வந்துகிறோம்" என்றேன்.

முதல் வாரம் புறப்படும் இடத்தில் பவித்ரா குனிந்து டயரில் காற்றை இறக்கினாள். எனக்குப் பதறியது.

"ஏண்டி, இருக்கற காத்தயும் வுடற?"

"கெட்டியா இருந்தா சேத்துல வழுக்கும்மா. கட்டவிரல் அமுங்கணும். அப்பதான் மண்ண புடிக்கும்."

அன்று ஆறாவதாக வந்தாள். அடுத்த வாரம் மூன்றாவது. சேறு அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. மூன்றாம் பந்தயத்தில் முதல் ஐந்துக்குள் வந்தால் பெங்களூரு நிச்சயம் என்றார்கள். பெருமாளுக்குத் துளசி மாலை வேண்டிக்கொண்டேன்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. என் வீட்டுக்காரருக்கு லோடு ஓட்டும் தொழில். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். வருஷா வருஷம் வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பார். இந்த முறை அதன் பக்கத்திலேயே பவித்ராவின் சைக்கிளும் பளபளவென்று நின்றது. மாலை, சந்தனம், குங்குமம். பொரியை அவரே அவள் கையில் கொடுத்தார். நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு விடியலில், "வண்டியில ஏத்து, நானும் வரேன்" என்றார். அதுவும் என்னிடம்தான்.

புறப்படும் இடத்தில் மற்ற பெண்கள் காற்றைச் சரிபார்த்தார்கள். பவித்ரா கட்டைவிரலை டயரில் வைத்து அழுத்தினாள். அமுங்கவில்லை. வால்வு மூடியில் விரல் போனது. அப்போது தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் சொன்னார்:

"பாப்பா, காத்து கல்லு மாதிரி அடிச்சிகிறேன். தைரியமா போ."

மூன்று மாதத்துக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அவர் தொழிலில் டயர் கல்லாக இருந்தால்தான் பாரம் தாங்கும். அவள் என்னைப் பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. மூடியிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

"சரிப்பா."

முதல் சுற்றில் இரண்டாவதாக வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பின்சக்கரம் விலகியது. மூன்றாம் சுற்றில் குட்டை ஓரம் திரும்பும்போது சைக்கிள் அடியிலிருந்து நழுவி, தோள் தரையில் மோத விழுந்தாள். எழுந்தாள், கை எழவில்லை.

குட்டி யானையிலேயே ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்சீட்டில் அவள் என்மேல் சாய்ந்திருந்தாள். மண்ணூர் தாண்டினோம். பிறகு அவர் சொன்னார்:

"சேறு ஓவர். காத்து மட்டும் கம்மியா இருந்திருந்தா இன்னும் மோசமா வுழுந்திருப்ப."

"ஆமாப்பா" என்றாள் அவள். கண்ணில் நீர் கொட்டியது. வலி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

காறை எலும்பு முறிவு. வேறு நால்வர் பெங்களூரு போய்வந்துவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு: மாற்றுத்துணி இரண்டு, பழைய துண்டு, குடம் தண்ணீர் கொண்டுபோங்கள். அங்கே குழாய் இல்லை. செருப்பு களியில் மாட்டிக்கொள்ளும், வெறுங்காலே மேல். திரும்ப ஆட்டோ கிடைக்காது, காலையிலேயே பேசிவையுங்கள். சைக்கிளுக்குப் பூஜை தாராளமாகப் போடுங்கள். காற்றை மட்டும் ஓட்டுகிற பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். எங்களைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் அவரிடம் சொல்லவேண்டாம். லோடு செய்தி தவிர போனில் எதையும் அவர் பார்ப்பதில்லை.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அவர் சைக்கிள் பம்பை எடுக்கிறார். கைக்கட்டோடு பவித்ரா வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறாள்.

"போதுமா பாப்பா?" என்கிறார்.

"இன்னும் கொஞ்சம் அடிப்பா" என்கிறாள்.